வாங்குமுன் ஒரு வார்த்தை: சதுரங்கப் பெட்டியின் விலை



பழைய மின்னணுச் சதுரங்கக் கருவிகளைச் சேகரிக்கும் ஆர்வம் நம்மவர் சிலருக்கும் உண்டு. 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிடெலிட்டி நிறுவனத்தின் 'செஸ் சாலஞ்சர்' வெளிவந்தது. பின்னர் மூனிக் நகரத்து 'மெபிஸ்டோ', ஹாங்காங்கின் 'நோவாக்' முதலியன தோன்றின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்த அந்நாளில் அவை நம் கடைகளில் அரிது. ஆதலால், இன்று ஒன்றை விரும்புவோர் பெரும்பாலும் கடல் கடந்தே வாங்க நேர்கிறது.

சோர் பஜாரில் பழைய வானொலி வாங்குவோர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். பாட வைத்தும் கேட்கலாம். அயல்நாட்டுப் பொருளுக்கோ படமும் விற்பவர் சொல்லுமே சாட்சி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். விலை கொடுக்கும் மாட்டைப் பார்த்தே தீர வேண்டும். மாடு ஜெர்மனியிலும் நாம் செம்பூரிலும் இருந்தால் என் செய்வது? விற்பவரைத்தான் சோதிக்க வேண்டும்!

அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். பாட்டரி கசிந்து உட்புறத் தகடுகளை அரித்திருக்கிறதா? அறுபத்து நான்கு கட்டங்களும் காயை உணர்கின்றனவா? திரையில் எழுத்து முழுமையாகத் தெரிகிறதா? மெபிஸ்டோவின் மரப்பலகையானால், அதன் மூளையாகிய மாட்யூல் உடன் வருகிறதா? ஓர் ஆட்டம் ஆடிக் காட்டும் படச்சுருள் அனுப்புவாரா? நேர்மையுள்ளவர் இவற்றுக்குச் சலிக்காமல் விடையளிப்பார். அமெரிக்கக் கருவியின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாயின், நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள், கருகிவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார், கேள்விக்கு விடையில்லை. மற்றவர் 21,000 கேட்கிறார். இயக்கிக் காட்டுகிறார், பழுதானால் திரும்பப் பெறவும் இசைகிறார். அனுப்புக் கூலியும் சுங்க வரியும் இரண்டிற்கும் உண்டு. முன்னது ஊமையாய் வந்து சேர்ந்தால், கட்டிய வரி எளிதில் திரும்பாது. லாமிங்டன் ரோட்டில் கம்பியைப் பற்றவைத்துத் தருவார்கள்; செத்துப்போன நிரல் சில்லுக்கு எங்கே போவது? மெபிஸ்டோவை உருவாக்கிய நிறுவனமே 1994-இல் கைமாறிவிட்டது. ஆகவே அந்த 6,000 ரூபாய் வீண் செலவன்று, நிம்மதியின் விலை. பழுது நீக்கத் தெரிந்தவரும், உதிரிப் பாகத்திற்காக வாங்குபவரும் மலிவை நாடலாம். மற்றவர்க்கு அது பொருந்தாது.

"சுங்கத்திற்காக விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன்" என்று சிலர் ஆசை காட்டுவர். இணங்காதீர்கள். அது சட்ட விரோதம். பொட்டலம் தொலைந்தால் எழுதிய சிறு தொகைக்கு மேல் ஈடு கேட்கவும் இயலாது. நமக்காக அரசிடம் பொய் சொல்பவர், தமக்காக நம்மிடம் சொல்ல மாட்டாரா? அவ்வாறே, இடையில் பாதுகாப்பு ஏதுமின்றி நேரே வங்கிக்குப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்பவரையும் தவிர்க்க.

குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் ஒதுக்கியபின் மிஞ்சுவதே விளையாட்டுக்குரிய பணம். அதையும் ஆளறிந்து செலவிடுவோமாக.