நான்கு மீட்டருக்குள் அடங்குமோ நம் குடும்பம்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திற்கும் மேட்டிற்கும் இடையே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். ஒரு மகிழுந்தின் தகுதியை அறிய விரும்புவார் விற்பனையாளன் நீட்டும் பளபளப்புத் தாள்களைப் புரட்ட வேண்டா. எண்மரை உள்ளே அமர்த்தி, மேலே ஓர் அரிசி மூட்டையையும் கட்டி, இம்மலையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் போதும்.

யாம் சிறுவராயிருந்த காலத்தே அவ்வாறுதான் ஏறினோம். ஊரிலிருந்த பழைய வாடகை உந்து ஒன்று. முன்னிருக்கை பலகைபோல் நீண்டிருக்கும். ஓட்டுநரோடு பாட்டியும் பெரியப்பாவும் அதில் அமர்வர். பின்னிருக்கையில் பெண்டிரும், அவர்தம் மடிகளில் நாங்களும். பாதி மலையில் பொறி கொதிக்கும். ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்திற்கு முட்டுக்கல் வைத்துவிட்டு, ஓடை நீரை மொண்டு வந்து ஊற்றுவார். அக்கால் மணி நேரம் எங்களுக்குத் திருவிழா. 1956-இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. ஆயினும் உறவு எல்லைக்கோட்டைக் கேட்டு நடக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், காதுகுத்தும் இழவும், எல்லாம் அம்மேட்டைத் தாண்டியே நடந்தன. ஒரு குடும்பம் ஒரே வண்டியில் போய் இறங்குவது அந்நாளில் வசதி மட்டுமன்று. உறவின் முறையும் அதுவே.

அத்தகைய உந்துகள் இன்று இல்லை. அம்பாசிடர் 2014 மே திங்களில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் நின்று போயிற்று. அதே நிறுவனத்தின் காண்டெசா அதற்கும் முன்னரே, 2002-இல் மறைந்தது. இவற்றுக்காகக் கண்ணீர் வடித்து எழுதுவோர் பலர். நமக்கு அக்கண்ணீரில் முழுப் பங்கில்லை. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிசு ஆக்சுபோர்டு. காண்டெசா அந்நாட்டு வாக்சால் விக்டர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே கூட்டை முன்முகமும் விளக்கும் மாற்றி மாற்றி விற்றதை உள்நாட்டுப் படைப்பு என்று கொண்டாடுவது, அயலான் வீட்டுப் பழஞ்சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்துவிட்டு நெசவாளி என்று பெயர் சூட்டிக் கொள்வதை ஒக்கும்.

நம் நெஞ்சை உண்மையில் அறுப்பது சென்னையின் கதை. 1903-இலேயே சிம்சன் நிறுவனத்தில் நீராவியால் ஓடும் உந்து ஒன்று செய்யப்பட்ட நகர் அது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்சு எண்ணூரில் ஆசுட்டின் மகிழுந்துகளை இணைத்தது. பின்னர் லேலண்டோடு சேர்ந்து சரக்குந்தின் பக்கம் போய்விட்டது. அதே 1948-இல் தோன்றிய இசுட்டாண்டர்டு நிறுவனம், வண்டலூரை அடுத்து ஆலை அமைத்து, 1950-களின் தொடக்கத்தில் வான்கார்டு என்னும் குடும்ப உந்தை இணைக்கத் தொடங்கியது. 1961-இல் எரால்டு வந்தது. ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குக. இங்கிலாந்தில் எரால்டுக்கு இரண்டே கதவுகள். பாட்டியும் பேரனும் பின்னிருக்கைக்கு எப்படிப் போவர்? அதனை நான்கு கதவாக்கியது சென்னை ஆலை. பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு நம் சாலைக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, 1972-இல் வந்த கேசலில் ஒரே திண்ணிய அச்சாக மாற்றியதும் அவ்வாலையே. சிறிய மாற்றங்கள்தாம். ஆயினும் நம் மக்களின் உடலையும் நம் நிலத்தையும் அளந்து செய்த மாற்றங்கள். இன்னும் இரண்டு தலைமுறை அவ்வழியே போயிருந்தால் முழு உந்தையும் நாமே வரைந்திருப்போம்.

போகவில்லை. 1985-இல் அந்நிறுவனம் மீண்டும் கடல் கடந்து கை நீட்டி, இங்கிலாந்து கைவிடவிருந்த உரோவர் கூட்டை வாங்கி வந்து, 'இசுட்டாண்டர்டு 2000' என்று பெயரிட்டது. ஏறத்தாழ 4.7 மீட்டர் நீளமுள்ள அழகிய பேருந்தன்ன மகிழுந்து. அதற்குள் வைத்த பொறியோ, பழைய வான்கார்டின் வழிவந்த இரண்டு லிட்டர்ப் பொறி. யானைக்குக் குதிரையின் நெஞ்சு! 1988-இல் எல்லாம் முடிந்தது. அவ்வாலையில் கை தேர்ந்திருந்த தமிழ்த் தொழிலாளர்தம் அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் கலைந்து போயிற்று.

அதற்குள் தில்லியும் அளவுகோலை மாற்றிவிட்டது. 1983 திசம்பரில் குர்காவில் நடுவணரசின் பங்கோடு மாருதி 800 வெளிவந்தது. நால்வர் கொண்ட சிறு குடும்பத்திற்கு அது நல்ல வண்டி, மறுப்பதற்கில்லை. ஆனால் 2006-இல் வரியே சட்டமாக வந்து நீளத்தைக் குறித்தது. நான்கு மீட்டருக்குள், கன்னெய்ப் பொறியாயின் 1,200 கன செண்டி மீட்டருக்குள், டீசலாயின் 1,500-க்குள் இருந்தால் 24 விழுக்காட்டு வரி 16 ஆகக் குறையும் என்றனர். உடனே பெட்டகத்தை அறுத்துப் பின்புறம் மொட்டையான உந்துகள் தெருவெங்கும் முளைத்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறியவற்றுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் சரக்கு சேவை வரி. எண்மர் கொண்ட உழவர் குடும்பம் ஒரே வண்டியில் போனால் அது ஆடம்பரமாம். இரண்டு சிறு வண்டிகளில், இரண்டு மடங்கு கன்னெய் எரித்துப் போனால் சிக்கனமாம்! இக்கணக்கைப் போட்டவர் போடிமெட்டில் ஏறியவராயிருக்க முடியாது.

பெரிய உந்து தமிழகத்தில் செய்யப்படவே இல்லையா என்பீர். செய்யப்பட்டது. தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரில் போர்டு நிறுவனம் எண்டெவர் என்னும் பேருந்தை உருவாக்கி விற்றது. 2021 செப்டம்பரில் கடையைக் கட்டுவதாக அமெரிக்காவிலிருந்து ஒரு சொல் வந்தது. 2022-இல் ஆலை ஓய்ந்தது. ஏற்றுமதிக்கென மீண்டும் திறக்கும் விருப்பத்தை 2024-இல் தெரிவித்தனர். திறப்பதும் பூட்டுவதும் அவர்கள் விருப்பம். நாற்காலியில் காத்திருப்பது நம் இளைஞர். மற்றொரு புறம், செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா ஆய்வு வளாகத்தில் பெரிய குடும்ப உந்துகள் வரைந்து உருவாக்கப்படுகின்றன. அவ்வரைபலகையில் தமிழ்ப் பொறிஞரும் உள்ளனர் என்பது நமக்குப் பெருமையே. ஆயின் அங்கு உருவான எக்சுயூவி 700 வார்த்தெடுக்கப்படுவது மராட்டியத்துச் சாகனில். வரைவு இங்கே, வடிப்பு அங்கே. திருப்பெரும்புதூரிலோ வடிப்பு இங்கே, வரைவு கொரியாவில்.

பழியை முற்றும் தில்லி மீதும் அயலார் மீதும் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. போடியின் பட்டறைகளுக்குப் போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்போடு நின்ற இளைஞன் காதால் கேட்டே பொறியின் நோயறிகிறான். அவனுக்குத் தமிழில் ஒரு பொறியியல் நூலை நாம் எழுதிக் கொடுத்தோமா? 'மகிழுந்து' என்று பெயர் வைத்ததோடு நம் கடன் முடிந்தது என்றிருந்தோம். (அதையும் மேடையில்தான் சொல்கிறோம்; இறங்கியதும் 'கார்' வந்துவிட்டதா என்கிறோம். கார் தமிழில் மழைமுகில் ஐயா!) அதன் உள்ளுறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயரும் விளக்கமும் வரைபடமும் தமிழில் இருந்திருப்பின், அப்பட்டறைக்காரன் பழுது நீக்குவோனாக மட்டும் நின்றிருக்க மாட்டான். சப்பானியன் தன் மொழியிலேயே உந்தைக் கற்றான். நாம் அயல்மொழியில் அதன் விலைப்பட்டியலைக் கற்றோம். கல்லூரிப் பொறியியல் தமிழில் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் "வேலை கிடைக்குமா?" என்று எள்ளுவோர், ஆங்கிலத்தில் கற்றும் மறைமலைநகரில் வேலையிழந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று. நாள்தோறும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்தும் நம் பெண்கள் ஏலத் தோட்டங்களுக்குச் 'சீப்பு' வண்டிகளில் ஏறிப் போகின்றனர். இருக்கைக் கணக்கு என்று ஒன்று உண்டென்பதே அவ்வண்டிகளில் மறந்து போயிற்று. உள்ளே நெருக்கியும் பின்னே தொங்கியும் பள்ளத்தாக்கின் விளிம்பில் செல்கின்றனர். பதின்மர் அச்சமின்றி அமரவும், இம்மலையேறவும், ஏழை ஓட்டுநர் வாங்கவும் தக்க ஓர் உந்தை இத்தனை ஆலைகளுள் ஒன்றேனும் வரைந்ததில்லை. தமிழக அரசு இத்தனை ஆலைகளுக்கு நிலமும் நீரும் மின்னும் வரிச்சலுகையும் கொடுக்கிறது. கொடுக்கும்போது இந்த ஒரு வண்டியைக் கேட்டு வாங்கலாம். பதினேழு வளைவுகளிலும் அதை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். மாலையில் மெட்டுச் சாவடியருகே நின்றால், தோட்டப் பெண்களை ஏற்றிக்கொண்டு அச்சீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கெரிய இறங்கி வருவதைக் காணலாம். கையெழுத்திடுமுன் அமைச்சர் ஒருவர் அங்கு வந்து ஒரு மணி நேரம் நிற்கட்டும்.