உட்செவியைப் படம் பிடிக்கப் பணம் ஒதுக்குங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் குடும்ப போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். ஓரளவுக்கு மேல் போனால் முகம் மறைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். அவைதான் பிக்ஸல்கள். ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிவிட்ட விவரத்தை எந்த சாப்ட்வேராலும் அப்படியே மீட்க முடியாது. காது டாக்டர்களுக்கும் இதே பிரச்சினை இருக்கிறது.

ஒலியை உணர்வது உட்செவியில் உள்ள காக்ளியா. பட்டாணி அளவுதான், நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும். அதில் சுமார் 15,000 முடி செல்கள் உண்டு. கம்ப்யூட்டர் மைக் செய்வது போல, ஒலி அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது இவற்றின் வேலை. மனிதருக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஒரு முடி செல்லின் அகலம் சுமார் 0.01 மில்லிமீட்டர். வழக்கமான சி.டி. ஸ்கேனில் ஒரு புள்ளியோ சுமார் அரை மில்லிமீட்டர். அந்த ஒரு புள்ளியின் அகலத்தில் 50 செல்களை வரிசையாக நிறுத்தலாம்! சி.டி. எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. திரவத்தையும் நரம்பையும் காட்டும். செல்களை இரண்டுமே காட்டாது.

இது நம் ஊர்ப் பிரச்சினையும்கூட. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். பல வருடம் அங்கே வேலை செய்தவருக்குக் காது மந்தமானால், எவ்வளவு குறைந்தது என்று ஆடியோகிராம் சொல்லும். எத்தனை செல்கள் மிச்சம் என்பதைப் படமாகப் பார்க்க வழியில்லை.

நம்மால் இது முடியுமா? முடியும். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவில் உள்ள குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாக்கி, செல் அளவுக்குத் துல்லியமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நன்கொடை இதற்குப் பெரிய துணை.

தானமாகக் கிடைக்கும் காதுகளுக்கும் இதேபோல் ஒரு தொகுப்பு வேண்டும் என்பது என் கருத்து. இறந்தவர் காதைப் படம் பிடித்தால் உயிரோடு இருப்பவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தெளிவான மாதிரிப் படங்கள் கையில் இருந்தால், ஒருவரது மங்கலான ஸ்கேனுடன் அவற்றைப் பொருத்தி, எது எங்கே இருக்கும் என்று சாப்ட்வேர் கணிக்க முடியும். காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கும் டாக்டருக்கு, மின்முனையை எவ்வளவு ஆழம் செலுத்தலாம் என்று திட்டமிட அது உதவும்.

'ஆபரேஷனுக்கே பணம் போதவில்லை, ஆராய்ச்சி எதற்கு?' என்பது நியாயமான கேள்வி. 2014-ல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டம் ஒரு இம்ப்ளாண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. அந்த உதவி குறையவே கூடாது. ஆனால் ஒரு கருவி ஒரு குழந்தைக்குத்தான். ஒருமுறை எடுத்து வெளியிட்ட படத் தொகுப்பை எல்லா ஆஸ்பத்திரிகளும் பயன்படுத்தலாம்.

2023 சட்டத்தின்படி அமைந்த அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும். அதில் உட்செவிக்கென்று ஒரு பங்கு ஒதுக்கலாம். கோவையில் மருத்துவக் கல்லூரிகளும் இன்ஜினியரிங் கல்லூரிகளும் அருகருகே இருக்கின்றன. காது டாக்டரும் இமேஜ் பிராசஸிங் படித்தவரும் சேர்ந்து விண்ணப்பிக்கட்டும். நம் மில் முதலாளிகளும் கொஞ்சம் கை கொடுக்கட்டும். தறிச் சத்தத்தில் நின்றவர்கள் அவர்களுடைய தொழிலாளர்கள்தானே?