நிழலே காப்பு

மும்பையின் செம்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, மாடியிலும் பால்கனியிலும் தொட்டிகள் வைத்துக் கத்தரி, தக்காளி, வெண்டை, கறிவேப்பிலை ஆகியவற்றை வளர்க்கின்றன. வேனிற்காலத்தில் அச்செடிகள் வாடிவிடுகின்றன. 1952 ஏப்ரல் 14 அன்று மும்பை சாந்தாகுரூசில் வெப்பம் 42.2 பாகை செல்சியசை எட்டியது. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலே தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரத் தொடங்கும்.

"நீரை மிகுதியாக ஊற்றினால் போதும்" என்பர் சிலர். அது சரியன்று. வெயிலில் காயும் மண்ணில் ஊற்றிய நீர் விரைவில் ஆவியாகும். மேலும், மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரிகளில் மே மாதத்தில் நீர் குறைந்துவிடும். செடியைக் காக்க மனிதரின் தாகத்தை மறத்தல் முறையாகாது.

ஆகவே வெயிலைத் தடுப்பதே முதற்கடமை. பழைய பருத்திப் புடைவையையோ நிழல்வலையையோ செடிகளின்மேல் பந்தலாகக் கட்டலாம். உலர்ந்த இலைகளையும் தேங்காய் நாரையும் மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பலாம். சூடேறும் தளத்தில் தொட்டியை நேரே வைக்காமல் செங்கற்களின்மேல் வைக்கலாம். அரிசி கழுவிய நீரை வீணாக்காமல் அதிகாலையில் வேரடியில் ஊற்றலாம்.

செடிக்கு நிழலும் ஊருக்கு நீரும் காப்பவரே நல்ல தோட்டக்காரர் ஆவார்.