மூன்று கட்டையில் பாக்

கல்யாணக் கச்சேரிகளில் வயலின் வாசித்துப் பிழைப்பவன் நான். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையிலும் திருவண்ணாமலை சாலையிலும் நான் வாசிக்காத மண்டபம் குறைவு. மேடையேறும் பாடகர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, அரை கட்டை இறக்கிக்கலாமா?” கீபோர்டு தம்பி பட்டனை அமுக்குவார், நான் விரல்களை இடம் மாற்றிக்கொள்வேன். பந்தியில் இருக்கும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே பாட்டில் தபேலாக்காரர் உற்சாகம் மிகுந்து காலத்தைத் தள்ளிவிட்டாரென்றால், ரசம் ஊற்றிக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். தாலாட்டு குத்துப்பாட்டாகிவிடும்.

ஒரு இசையின் மனநிலை சுருதியைவிடக் காலத்தில்தான் அதிகம் குடியிருக்கிறது என்பது என் கட்சி. பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிறவர்கள் இதை மறந்துவிட்டார்கள். யார் வேகமாக விரலை ஓட்டுகிறார்களோ அவர்களுக்கே கோப்பை போகிறது.

எனக்குத் துணை சொல்ல ஜெர்மனியிலிருந்து ஒருவரை அழைக்கிறேன். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பித்திருந்தார். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் தொடக்கத் துண்டான ப்ரெலூடியோ அதில் ஓடுகிறது. கூடவே நம் ஊர்க் கமகத்தோடு வயலின் பேசுகிறது. கேசட் தேயத் தேயக் கேட்டவன் நான்.

ப்ரெலூடியோ இருக்கும் கைப்பிரதியில் பாக் போட்ட வருடம் 1720. நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டைச் சுருதி, சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்; மேற்கே இதை மேஜர் என்பார்கள். ஏன் மூன்று கட்டை? வயலின்காரனைக் கேட்டால் சொல்லிவிடுவான். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டினால் வயலினின் மேல் தந்தி மூன்று கட்டையில் நிற்கும். ஓரிடத்தில் பாக் அந்த ஸ்வரத்தைத் திறந்த தந்தியில் ஒரு முறையும், பக்கத்துத் தந்தியில் விரல் வைத்து ஒரு முறையுமாக மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்கிறார். ஸ்வரம் ஒன்றுதான், நிறம் இரண்டு. சுருதியை மாற்றினால் இந்த வித்தை வயலினில் இவ்வளவு லேசாக வராது. ஆக அவர் அந்தச் சுருதியைத் தேர்ந்ததில் கைக்கு இருந்த பங்கு மனசுக்கு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்தக் காலத்துப் பண்டிதர்கள் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு மனநிலையை எழுதி ஒட்டினார்கள். ஹாம்பர்க்கில் இருந்த யோகான் மத்தேசன் 1713-இல் போட்ட புத்தகத்தில், இந்த மூன்று கட்டை மேஜருக்கு நம்பிக்கை செத்துப்போன துக்கம் என்று எழுதினார். ப்ரெலூடியோவைக் கேளுங்கள், துக்கத்தின் சாயல்கூட இல்லை. நாமும் சளைத்தவர்கள் இல்லை. முகாரி என்றால் அழுகை என்போம். சபரி பெற்ற பாக்கியத்தைத் தியாகராஜர் வியந்து பாடியதும் முகாரியில்தான்.

1731-இல் லைப்சிக் நகரசபைக்கான வழிபாட்டுக்கு பாக் இதே துண்டை மறுபடி எடுத்தார். இந்த முறை தனி வயலின் இல்லை; ஆர்கன் முன்னால் ஓட, கூடவே டிரம்பெட்டும் முரசும். சுருதி இரண்டு கட்டைக்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் டிரம்பெட்டுகளின் சுருதி அது. எங்கள் பாடகர்கள் அரை கட்டைக்குத் தயங்குகிறார்கள், மனிதர் முழுசாக ஒரு கட்டை இறக்கியிருக்கிறார்! துண்டின் குதூகலம் குறையவில்லை.

சுருதிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை சுருதி உயர்ந்த திமிரியை விட்டுச் சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு வந்தபோது நாகஸ்வரத்தின் குரலே கனத்துவிட்டது. ஆனால் அங்கே மாறியது வாத்தியத்தின் உடம்பும்தான்.

காலத்துக்கு வருவோம். வயலின் பிரதியில் ப்ரெலூடியோ எவ்வளவு வேகம் என்று பாக் ஒரு வார்த்தை எழுதவில்லை. காலத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மேல்ட்செல் உரிமை வாங்கியதே 1815-இல்தான். பாக் போய் 65 வருடம் ஆகியிருந்தது. துண்டு மொத்தம் 138 ஆவர்த்தனம், ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. நிமிடத்துக்கு 138 தட்டு வைத்தால் சரியாக மூன்று நிமிடத்தில் முடியும். 100 வைத்தால் நாலு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். காகிதத்தில் இது ஒரு நிமிட வித்தியாசம்தான். காதில் ஒன்று விளையாட்டு, மற்றது துரத்தல்.

மத்தேசன் புத்தகம் வந்த மறு வருடம், 1714-இல், இங்கே செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் போரில் விழுந்தான். அவன் கதையைப் பாடுகிறவர்களைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஆர்மோனியம் ஆரம்பத்தில் பிடித்த சுருதியை விடாது, மெட்டும் பெரிதாக மாறாது. குதிரை பாயும் இடத்தில் காலம் ஏறும். தேசிங்கு சாயும் இடத்தில் அதே மெட்டு தளர்ந்து நடக்கும், கிழவிகள் முந்தானையை எடுப்பார்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்த பிறகு ராஜகிரி ஏறிவந்து ரீல்ஸ் போடும் தம்பிகள், எந்தப் பாட்டையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். சோகப்பாட்டுக்கும் அதே கதிதான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. மதிப்பெண் தாளில் காலப்பிரமாணத்துக்குத் தனிக் கட்டம் போடுங்கள். பிள்ளையை ஒரே துண்டை இரண்டு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, எது பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள்.

தெரியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். தந்தி மாற்றி வாசிக்கும் அந்த இடத்தை மட்டும் ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு 112 பிடிக்கும். அவள் 100-க்கு மேல் ஏற மறுக்கிறாள். “வேகமா வாசிச்சா ரெண்டு தந்தியும் ஒண்ணாக் கேக்குது சார்” என்கிறாள். அடுத்த போட்டியிலும் 100-இல்தான் வாசிப்பாளாம். நடுவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.