கணக்கா, கட்டளையா?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார் நம் பெரியோர். வெறும் வாய்ச்சொல்லால் புளுகுவோனுக்குப் பொருந்தும் பழமொழி அது. ஆனால், பிழையான எண் ஒன்று புள்ளிவிவரம் எனும் பட்டாடை உடுத்தி, பேராசிரியர் பெயரைக் குடையாகப் பிடித்துப் பவனி வந்தால், எட்டு நாளில் அடங்குவதில்லை. மூன்றாண்டுக் காலம் அரசுகளின் அவையிலே அரியாசனம் பெற்றிருந்த எண் ஒன்றின் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறேன், தோழர்களே! அந்த எண்ணின் பெயர் −0.1. பூஜ்யத்துக்குக் கீழே பத்தில் ஒரு பங்கு. பார்ப்பதற்குக் கடுகு, காரமோ கண்டம் முழுவதும் பரவிற்று.

2010ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். வளர்ந்த நாடுகள் இருபதின் கணக்கை 1946 முதல் 2009 வரை ஆராய்ந்து அவர்கள் கண்ட முடிவு இது: ஒரு நாட்டு அரசின் கடன், அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால், வளர்ச்சியின் சராசரி −0.1 சதவிகிதமாகச் சரிகிறது. தொண்ணூறுக்கு இந்தப் புறம் வாழ்வு; அந்தப் புறம் வீழ்ச்சி!

காத்திருந்தவர்களுக்குக் கரும்பு கிடைத்தது. அரசின் செலவைக் குறைக்க வேண்டும், மக்களுக்கான திட்டங்களை வெட்ட வேண்டும் என்று முன்பே முடிவு கட்டியிருந்தவர்கள், இதோ அறிவியலே ஆணையிடுகிறது என்று ஆர்ப்பரித்தனர். பிரிட்டனின் நிதியமைச்சராகவிருந்த ஜார்ஜ் ஆஸ்பர்ன் 2010 பிப்ரவரியிலேயே, பதவிக்கு வருமுன், இவ்விருவர் பெயரைத் தம் சொற்பொழிவிலே துணைக்கழைத்தார். அமெரிக்கக் கீழவையின் வரவு செலவுக் குழுத் தலைவர் பால் ரயன் தம் திட்டத்திலே இந்த ஆய்வைச் சான்று காட்டினார். ஐரோப்பிய ஆணையத்தின் பொருளாதாரப் பொறுப்பாளர் ஓலி ரென் 2013இல் தொண்ணூறு என்னும் எல்லைக்கோட்டை எடுத்தியம்பினார்.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் நிலை என்ன? கிரேக்க நாட்டிலே 2013இல் உழைக்க வந்தோரில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வேலையில்லை. இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரில் பாதிப்பேருக்கு மேல் வேலையில்லை. ஓய்வூதியம் வெட்டப்பட்டது, ஊதியம் வெட்டப்பட்டது, மருத்துவமனைச் செலவு வெட்டப்பட்டது. இத்தனைக்கும் அந்த ஓர் ஆய்வுரையே காரணமென்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது நாம் கண்டிக்கும் குற்றத்தை நாமே செய்வதாகும். வெட்டும் கத்தி வேறிடத்தில் வடிக்கப்பட்டது. ஆனால் கத்திக்குக் கைப்பிடியாக அமைந்தது அந்த எண். எதிர்த்துக் கேட்டவனின் வாயை அடைக்க, கணக்குச் சொல்கிறது என்ற ஒற்றை வாக்கியம் போதுமானதாயிற்று.

கணக்கு அப்படிச் சொல்லிற்றா? அதைத்தான் கேட்டான் ஒரு மாணவன். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்திலே பயின்ற தாமஸ் ஹெர்ண்டன், வயது இருபத்தெட்டு. வெளியான ஓர் ஆய்வை எடுத்து, அதே தரவிலிருந்து அதே விடை வருகிறதா எனப் போட்டுப் பார் என்பது வகுப்பிலே தந்த பாடம். போட்டான், வரவில்லை. மீண்டும் போட்டான்; வரவில்லை. ஆய்வாளர்களுக்கே எழுதிக் கேட்டு, அவர்கள் கணக்கிட்ட எக்செல் கோப்பையே பெற்றான். பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் சேர்ந்து 2013 ஏப்ரலில் உண்மையை உலகின் முன் வைத்தான்.

என்ன கண்டான்? முதலாவது, சராசரி காணும் கட்டத்திலே எழுதப்பட்ட சூத்திரம் இருபது வரிசைகளைக் கூட்டுவதற்குப் பதில் பதினைந்தோடு நின்றுவிட்டது. அகர வரிசையில் முதலில் நின்ற ஐந்து நாடுகள் — ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் — கணக்கிலிருந்தே காணாமற் போயின. மிகுந்த கடனோடு பல்லாண்டு 2.6 சதவிகிதம் வளர்ந்த பெல்ஜியம், சுட்டியைக் கொஞ்சம் கீழே இழுக்க மறந்ததால் உலக வரைபடத்திலிருந்தே விழுந்தது!

இரண்டாவது குற்றம் இன்னும் பெரிது. எஞ்சிய ஏழு நாடுகளின் எண்களைத் தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கிரேக்கம் 2.9, அயர்லாந்து 2.4, பிரிட்டன் 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, அமெரிக்கா −2.0, நியூசிலாந்து −7.6. கூட்டுங்கள்: −0.2 வரும். ஏழால் வகுத்தால் ஏறக்குறைய பூஜ்யம். நியூசிலாந்தின் எண் பெயர்த்தெழுதும்போது −7.9 என்று தவறிப்போனதால் பூஜ்யம் −0.1 ஆயிற்று. இப்போது நியூசிலாந்தை மட்டும் மறைத்துவிட்டு மற்ற ஆறையும் கூட்டி வகுங்கள். 1.2 வரும்! ஒரே நாடு, ஒரே எண், ஏழு நாடுகளின் தலைவிதியை மாற்றி எழுதிவிட்டது.

அந்த −7.6 எத்தனை ஆண்டுகளின் சராசரி? கேளுங்கள், தோழர்களே: ஒரே ஓர் ஆண்டு! 1951. துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாள் நீடித்த ஆண்டு அது. பிரிட்டனின் 2.4 என்பதோ பத்தொன்பது ஆண்டுகளின் சராசரி. பத்தொன்பது ஆண்டுக்கும் ஒரு வாக்கு. ஓர் ஆண்டுக்கும் ஒரு வாக்கு. தராசின் ஒரு தட்டிலே மூட்டை, மறு தட்டிலே முந்திரிக் கொட்டை. இரண்டும் சமமென்று தீர்ப்பு!

மூன்றாவதைச் சொன்னால் வியப்பீர்கள். நியூசிலாந்து மிகுந்த கடனோடு இருந்தது 1951இல் மட்டுமல்ல. 1946 முதல் 1949 வரையும் இருந்தது. அந்த நான்கு ஆண்டுகள் கணக்கில் சேரவில்லை. சேர்த்துப் பார்த்தால் −7.6 மறைந்து 2.6 என்று நிற்கிறது. இவையெல்லாம் திருத்தப்பட்டபின் தொண்ணூறைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 அன்று, 2.2!

தெரிந்தே திரித்தார்கள் என்று அந்தப் பேராசிரியர்கள் மீது நான் குற்றம் சாட்டவில்லை. சூத்திரம் தவறியதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்; கோப்பைக் கேட்ட மாணவனுக்குக் கொடுத்தார்கள்; அது பெருமையே. என் வழக்கு, பிழையைக் கட்டளையாக்கிய ஆட்சியாளர் மீது. கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தொடும் முடிவுக்கு முன், அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க ஓர் அமைச்சகத்துக்கும் ஆளில்லையா?

அவர்தம் ஆதரவாளர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. திருத்திய கணக்கிலும் மிகுகடன் நாடுகள் சற்றே மெதுவாகத்தானே வளர்கின்றன என்பர். ஆம், அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட நாடுகளின் சராசரி 3.2; தொண்ணூறைத் தாண்டினால் 2.2. மறைக்கவில்லை. ஆனால் 3.2லிருந்து 2.2க்கு இறங்குவது படிக்கட்டு; −0.1க்கு விழுவது பாதாளம். படிக்கட்டைக் காட்டிப் பாதாளமென்று அலறியது எதற்காக? மேலும், கடனால் வளர்ச்சி குன்றிற்றா, வளர்ச்சி குன்றியதால் கடன் பெருகிற்றா? வருவாய் குறைந்த குடும்பம் கடன் வாங்குவதைக் கண்டு, கடன் வாங்கியதால்தான் வருவாய் குறைந்தது என்று தீர்ப்பளிப்பதா? சராசரி இக்கேள்விக்கு விடை சொல்லாது. அது எண்களைச் சுருக்குமே அன்றிக் காரணம் கூறாது.

இன்னொருவர் எழுந்து, இடைநிலை அளவை அதே ஆய்வுரையில் கொடுத்திருந்தார்களே என்பார். கொடுத்திருந்தார்கள்! எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைக் கேட்டால் அது இடைநிலை. ஓரத்தில் நிற்கும் ஒற்றை எண்ணின் கூச்சலுக்கு அது அசையாது. அந்த ஆய்வுரையிலேயே அது 1.6 என்றிருந்தது. ஒரே தாளில் −0.1 ஒன்று, 1.6 ஒன்று. இரண்டும் இவ்வளவு விலகி நின்றால், ஏதோ ஓர் எண் தராசை இழுக்கிறது என்பது புள்ளியியலின் முதற்பாடம். மேடையேறியவர்கள் எதை எடுத்தார்கள்? அச்சுறுத்தும் எண்ணை எடுத்தார்கள். ஆறுதலான எண்ணை அடிக்குறிப்பாக்கினார்கள்.

பழியைக் கணிப்பொறி மீது போடுவோரும் உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் கோவிட் கணக்கிலே 15,841 நோயாளிகள் விடுபட்டனர். பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதே காரணம். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமாயிற்று. கணிப்பொறியா குற்றவாளி? கொள்ளளவு அறியாமல் குடத்தில் கடலை ஊற்றியவன் குடத்தைப் பழிப்பதா? மென்பொருள் ஏவலாள், சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா என்று கேட்காது. கேட்க வேண்டியவன் மனிதன்.

1973இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலார் நான்கு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் சராசரி ஒன்று, சிதறலும் ஒன்று, இரு அளவைகளுக்கிடையே உள்ள தொடர்பும் ஒன்று. வரைபடமாக்கினாலோ ஒன்று கோட்டையொட்டிச் சிதறி நிற்கும், ஒன்று வளையும், ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி துள்ளி ஓடும், நான்காவதில் ஒற்றைப் புள்ளியே சாய்வு முழுவதையும் தாங்கி நிற்கும். நம் நியூசிலாந்து அந்த நான்காவது படத்தின் உடன்பிறப்பு! எண்ணைச் சுருக்குமுன் படம் வரைந்து பார் என்று அவர் சொல்லி முப்பத்தேழு ஆண்டு கழித்தே அந்த −0.1 பிறந்தது.

ஆகவே, தோழர்களே, நாளை உங்கள் முன் ஓர் அமைச்சரோ அதிகாரியோ, நம் அணியைச் சேர்ந்தவரேயாயினும், சராசரி ஒன்றை ஏந்தி வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரை எண்ணினீர்? யாரை விட்டீர், ஏன் விட்டீர்? நடுவில் நிற்பவன் எண் என்ன? சிதறல் எவ்வளவு? கணக்குப் போட்ட கோப்பு எங்கே? விடை தருபவரை மதியுங்கள். வல்லுநர் விவகாரம், உமக்கு விளங்காது என்பவரை ஐயுறுங்கள். ஒரு மாணவனுக்கு விளங்கியது உங்களுக்கு விளங்காமற் போகாது. தரவைத் திறந்து வைத்தால் திருத்த ஒரு பென்சில் போதும். பூட்டி வைத்தால் பிழைகூடச் சட்டமாகும்.

மக்களின் சோற்றை அளக்கும் படியை மக்களே பார்க்கட்டும். பார்க்க விடாத படி, படியன்று, பறிமுதல்!