வலியை மறைப்பது வீரம் அல்ல!

பட்டாளத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று மேலதிகாரி கேட்டால், "நன்றாக இருக்கிறது, சார்!" என்பார். முழங்கால் வலித்தாலும் அதே பதில். காது மந்தமானாலும் அதே பதில்!

போர்முனையில் இந்தக் குணம் நல்லதுதான். ஆனால், பணி முடிந்து வீடு திரும்பும்போது இதே குணம் குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடுகிறது.

எப்படி?

இந்திய ராணுவத்தில், உடல்நலக் குறைவு பதிவான சிப்பாய் ஓய்வு பெறும்போது "மெடிக்கல் போர்டு" முன் நிற்க வேண்டும். அது ராணுவ டாக்டர்கள் அடங்கிய குழு. அந்தக் குழு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது.

இந்த ஊனம் ராணுவ வேலையால் வந்ததா, அல்லது வேலையால் அதிகமானதா? இது ஒன்று.

ஊனம் எத்தனை சதவீதம்? இது இரண்டு.

20 என்ற வாசற்படி

பணிக்காலம் முடிந்து ஓய்வு பெறுகிறவருக்கு 20 சதவீதம் என்பது ஒரு வாசற்படி. அதற்குக் குறைவாக எழுதப்பட்டால் ஊனத்துக்கான பணம் கிடைப்பது கஷ்டம். 100 சதவீத ஊனம் என்றால், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் மாதந்தோறும் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும். ஊனம் குறையக் குறையப் பணமும் குறையும். போரில் பட்ட காயத்துக்கு இதைவிட அதிகம்.

ஒரு நாள் நடக்கும் சோதனைதான். ஆனால், அன்று எழுதுகிற எண், ஆயுள் முழுவதும் அந்த வீட்டு உலையில் கொதிக்கும் அரிசியைத் தீர்மானிக்கிறது!

ஆகவே, பரீட்சைக்குப் போகும் மாணவன் போல, சிப்பாய் இதற்குத் தயாராக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

போர்டு படிவத்தில் சிப்பாயே விவரம் சொல்லிக் கையெழுத்துப் போடும் பகுதி இருக்கிறது. படையில் சேருமுன் இந்த நோய் இருந்ததா? எந்த ஊரில் இருந்தபோது வந்தது? எந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது? எந்தச் சம்பவத்தால் வந்தது என்று நினைக்கிறார்? இவற்றுக்கு அவசர அவசரமாக "தெரியாது" என்று எழுதிவிட்டால், பின்னால் வழக்கு என்று வரும்போது அந்தக் கையெழுத்தே எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவது நல்லது. பனிமலையில் எத்தனை மாதம், பாலைவனத்தில் எத்தனை மாதம், பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே எத்தனை வருஷம் என்று அதில் குறித்துக்கொள்ள வேண்டும். காயம் பட்டிருந்தால் காய அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைக்க வேண்டும்.

இதில் மனைவியின் உதவி பெரிது. கணவர் மாடிப்படி ஏறும்போது எங்கே நிற்கிறார், இரவில் எத்தனை முறை விழிக்கிறார், எத்தனை முறை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர் மறைத்தாலும், அவர் நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாரே! அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

டாக்டர் கேட்கும்போது நல்ல நாளின் கதையை மட்டும் சொல்லக் கூடாது. வலி வந்த நாளில் என்ன ஆகிறது, எந்த வேலை முடியாமல் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. காது கேட்கிறதா என்பதைக் கருவி அளந்து சொல்லிவிடும். ஒரு பொய் வெளியானால், சொன்ன உண்மைகளும் பொய்யாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ல் உச்ச நீதிமன்றம், நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் தீர்ப்பு அளித்தது. படையில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையானால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். "இல்லை" என்று சொல்லும் டாக்டர்கள் காரணத்தை எழுத வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்று கூறியது. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆகவே, கையில் உள்ள காகிதத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

போர்டு முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால், வழக்கு என்பது வருஷக் கணக்கில் இழுக்கும். முதல் நாளே உண்மையைச் சரியாகச் சொல்வது அதைவிட எளிது அல்லவா?

யார் பொறுப்பு?

பொறுப்பு சிப்பாய்க்கு மட்டும் அல்ல. பத்தாவது படித்துப் பட்டாளத்துக்குப் போனவர் கையில் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து, "இங்கே கையெழுத்துப் போடு" என்றால் போதுமா? கையெழுத்துக்கு முன்பே அதன் பொருளை அவருக்குத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், ஓய்வு பெறப்போகிறவர்களின் குடும்பத்தினரை முன்கூட்டியே அழைத்து விவரம் சொன்னால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகும்.

ஊனத்துக்கு வரும் பணம் பிச்சை அல்ல. நாட்டுக்குக் கொடுத்த காலுக்கும் காதுக்கும் நாடு செலுத்தும் கடன். கடனைக் கேட்க வெட்கம் எதற்கு?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எல்லையில் வாய் மூடி வலி பொறுத்தவர், மெடிக்கல் போர்டு முன்னால் மட்டும் வாய் திறக்கட்டும்!