விதைச் சிங்கி

இராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த கடலில் பொழுதுபோக்காகச் சிங்கி இறால் பிடிக்க விரும்புவோர், வலையைவிடக் கூட்டையே கொள்ளுதல் நன்று. கூட்டில் அகப்பட்டது காயமின்றி உயிருடனிருக்கும். வேண்டாததைத் திரும்ப விடலாம். வயிற்றடியில் முட்டைத்திரளைத் தாங்கிய பெண் சிங்கியை உடனே நீரில் விடுதல் அவசியம். முட்டைகள் லக்ஷக்கணக்காயினும், குஞ்சுகள் பல மாதம் கடலில் மிதந்து திரிவதால் மிஞ்சுவன சொற்பமே.

2003-ல் இந்திய அரசாங்கம் ஏற்றுமதிச் சிங்கிக்கு இனத்துக்கேற்ப 150 முதல் 500 கிராம் வரை குறைந்தபட்ச எடை விதித்தது. அவ்விதி வீட்டுச் சட்டியை எட்டாது. எனினும் அவ்வளவுக்குக் குறைந்ததைப் பிடிப்பவர் விடுவதும், வாங்குபவர் மறுப்பதுமே முறை. விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடியானவருக்கு இதன் நியாயம் விளங்கும். கடலோரக் கிராம அதிகாரிகள் இதனைப் பிறருக்கும் எடுத்துரைப்பாராக.